ஏழெழுத்துப் பொய்

ஸ்கிராபிள் போட்டியின் கடைசி ஆட்டத்தில், அவன் ஏழு ஆங்கில எழுத்துக் கட்டைகளையும் ஒரே மூச்சில் பலகையில் அடுக்கினான். வோர்லிங்.

அவள் நிமிர்ந்தாள். மழையில் நனைந்து வந்தவன். நெற்றி முடியில் இன்னும் ஒரு துளி... அதற்குக் கீழே இமைக்காத இரண்டு கண்கள்.

"இப்படி ஒரு வார்த்தை இருக்கா?"

"சந்தேகம்னா நடுவரைக் கூப்பிடுங்க. இல்லாத வார்த்தைன்னா கட்டையெல்லாம் திரும்ப எடுத்துக்கறேன். இருந்துச்சுன்னா உங்க முறை போச்சு."

"அர்த்தம்?"

"தெரியணும்னு விதி இல்லீங்க. நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் பண்ணுவேன், அவ்வளவுதான்."

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் அவள். அர்த்தம் தெரியாமல் ஒரு வார்த்தையையும் மனசுக்குள் விடமாட்டாள். 'ஆக்ஸ்டர்' என்றால் அக்குள். 'ஸாக்ஸ்' என்றால் கூரைக்குக் கற்பலகை வெட்டும் கருவி. 'வக்' என்றால் பாறைக்குள் ஒளிந்திருக்கும் சின்னக் குழி, உள்ளே படிகங்கள் மின்னும்...

வோர்லிங்?

அக்காவின் குரல் காதில் ஒலித்தது. "இந்தத் தடவை ஜெயிச்சா ஒரு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டேன். தோத்தா, ஞாயித்துக்கிழமை வர்றவங்களுக்குச் சரின்னு சொல்லணும்டி."

நடுவரைக் கூப்பிடக் கையைத் தூக்கப் போனாள்... தூக்கவில்லை.

பன்னிரண்டு புள்ளியில் தோற்றாள்.

போட்டி அரங்கின் வாசலில் நின்று, அந்த வார்த்தை இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே அகராதியைப் புரட்டினாள். இல்லை. பின்னால் அவன்.

"பொய் வார்த்தை."

"ஆட்டத்துல அதுக்கு அனுமதி உண்டுங்க..."

"உண்டுதான். எனக்கு என்ன போச்சுன்னு தெரியுமா?"

அக்காவுக்குக் கொடுத்த வாக்கைச் சொல்லிவிட்டு, அவன் நீட்டிய குடையைப் பாராமல் மழையில் இறங்கி நடந்தாள்.

மறுநாள் மதியம், விசாரித்துக்கொண்டு அவளுடைய மருந்துக்கடைக்கு வந்தான். அதற்கடுத்த நாளும்.

"இருமல் மிட்டாய்."

"இருமலா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு? கடையையே காலி பண்ணப் போறீங்களா?"

அவன் சிரிக்கவில்லை. "நடுவர்கிட்டப் போனேன். என் வெற்றியை ரத்து பண்ணச் சொன்னேன். முடிவுத் தாள்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு, மாத்த முடியாதுன்னுட்டார்."

அவள் பில்லைக் கிழித்து நீட்டினாள். அவன் போன பிறகு, அவன் நின்ற இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமையும் மழை. நனைந்த சட்டையோடு நின்றான்.

"நாளைக்கு வர்றாங்களா?"

"வர்றாங்க."

"உங்க அக்காகிட்ட நானே பேசறேன். தப்பு என்னோடதுன்னு சொல்றேன். உங்களை வேற ஒருத்தர் வந்து பார்த்துட்டுப் போறதை... என்னால தாங்க முடியலைங்க."

அவள் தலை குனிந்தாள். மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"தப்பு உங்களோடது மட்டும் இல்லை. அப்படி ஒரு வார்த்தை இருக்காதுன்னு எனக்கு அப்பவே தோணுச்சு."

"அப்போ ஏன் கையைத் தூக்கலை?"

"தூக்கியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்..." கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள். "ஆனா உங்க கண்ணு பொய் சொல்லுதுன்னு நானே ஊரறிய நிரூபிச்ச மாதிரி ஆகியிருக்கும். மனசு வரலை."



அவள் போனை எடுத்தாள்.

"அக்கா... நாளைக்கு அவங்களை வரச் சொல்லாதே. நான் தோத்தது நிஜம். வாக்கை மீறுறதும் நிஜம். திட்டணும்னா திட்டு. எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு."



"யாருடி அது?"

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எதிர்லதான் நிக்கறார்க்கா. அழறார்."