கப்பல் விளக்கும் மணல் மூட்டையும்

போர் வந்து தியேட்டரை மூடியதிலிருந்து ஆப்பரேட்டருக்கு அண்ணன் வீடே கதி. படம் ஓட்டிய கைக்கு வேலை போனதால் வாய்க்கு வேலை கூடிவிட்டது. அண்ணி அப்படியில்லை. தீயணைப்புத் துறையில் சாம்பலைக் கிளறிக் காரணம் கண்டுபிடித்தே தலை நரைத்தவர். பேச்சை அளந்துதான் விடுவார்.

அன்று மத்தியானம் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அருங்காட்சியகத் தலைவி இறங்கி ஓடிவந்தார். கையில் ஒரு துணிப்பை.

"அக்கா, கப்பல் விளக்கைக் காணோம். என் வீட்டுக்காரர் திருடிட்டார்னு சொல்றாங்க. வாயைத் திறந்து பதில் சொல்ல அவருக்கு நினைவே இல்லை."

ஆப்பரேட்டர் துள்ளி எழுந்தான். கப்பல் வடிவில் வார்த்த அந்தப் பழைய வெண்கல விளக்கைத் தெரியாதவர் நாட்டில் உண்டா? தபால்தலையில் இருப்பதும் அதுதான், பள்ளிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பதும் அதுதான்.

தலைவி நடந்ததைச் சொன்னார். அவர் கணவர் அங்கேயே பழம்பொருள்களைச் சீர்செய்பவர். கப்பலைப் பெட்டியில் வைத்து, ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலங்களை நிறையப் போட்டு, நிலவறையில் பூட்டினார்கள். சாவி இவர்கள் இருவரிடம் மட்டும். எதிரிப்படை நெருங்கவே, தலைவி லாரி கேட்டுத் தலைநகரம் போனார். போன் எல்லாம் செத்துக் கிடந்தது. நேற்று வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கணவர் மேல் குண்டுச் சிதறல் பட்டுவிட்டது. இன்று லாரியோடு வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு மணல் மூட்டை.

"பொழுது சாஞ்சா தலைநகரம் போற பாலத்தை மூடிடுவாங்க அக்கா. அதுக்குள்ள கிடைக்கலைன்னா கப்பலும் போச்சு, அவர் மானமும் போச்சு."

"பையில என்ன?" என்றார் அண்ணி.

"ஆஸ்பத்திரியில கழட்டிக் கொடுத்த அவரோட துணி."

அண்ணி கால்சட்டையை எடுத்து உதறினார். சாம்பல் நிறத் தூசி பறந்தது. முழங்காலில் மட்டும் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு உதிர மறுத்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "வா" என்று கொழுந்தனைக் கிளப்பினார்.

நிலவறையில் காவல் அதிகாரி காத்திருந்தார். "பூட்டு உடையலை. சாவி வச்சிருந்தவர் ஒருத்தர் ஊர்ல இல்லை. மிச்சம் யாரு? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்கம்மா."

அண்ணி பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினார். மணல் மூட்டையைத் தவிர ஒன்றுமில்லை. பெட்டியின் அடிப்பலகை நனைந்திருந்தது. பின்சுவரில் விரிசல் விட்டிருந்த குழாயிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"பக்கத்துத் தெருவுல குண்டு விழுந்தப்ப வெடிச்சதும்மா," என்றார், எல்லோரும் 'மீசை' என்று கூப்பிடும் காவலாளி.

"எனக்குப் புரிஞ்சிடுச்சு அண்ணி! குழாய்க்காரன்தான்!" என்றான் ஆப்பரேட்டர்.

"முதல்ல மேல வா."

மேலே கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. பெரிய கல்வெட்டுக்குக்கூட மணல் மூட்டை பற்றாமல் இடுப்பளவுக்குத்தான் அடுக்கியிருந்தார்கள். ஆனால் வாசலருகே, பள்ளிப் பிள்ளைகள் தொட்டு விளையாடுவதற்கென்று பழைய கற்சிங்கத்தின் நகலாக வார்த்து வைத்த பிளாஸ்டர் சிங்கம் கழுத்துவரை மூட்டைக்குள் ராஜாவாக உட்கார்ந்திருந்தது.

"இதை யார் அடுக்கினது?"

"ஐயாதான் நேத்து அடுக்கச் சொன்னாரு. பிள்ளைங்க தேடிவர்ற சிங்கம்ல, பாவம்னாரு," என்றார் மீசை.

அண்ணி நிதானமாகத் தலைவி பக்கம் திரும்பினார். "ஆபத்துன்னா எதை முதல்ல காப்பாத்துவீங்க?"

"அசலைத்தான். நகல் கடைசி. இன்னொண்ணு வார்த்துக்கலாமே." சொல்லிக்கொண்டே வந்த தலைவி சட்டென்று சிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"அப்போ அசல் கல்வெட்டுக்கு அரைகுறைக் காவல், நகலுக்கு முழுக் காவல். இத்தனை வருஷம் இதே வேலை பார்த்தவர் காரணமில்லாம அப்படிச் செய்வாரா? அடுத்தது, திருட வந்தவன் கப்பலை எடுப்பான். ஈரம் உறிஞ்சுற பொட்டலங்களையும் பொறுக்கிட்டா போவான்? பழைய வெண்கலத்துக்கு ஈரம்தானே எமன்?"

"ஆமாக்கா. பச்சைப் பொடி பூத்து அரிச்சிடும்."

"குழாய் கசியறதை அவர் பார்த்திருக்கார். கேக்கறதுக்கு நீங்க ஊர்ல இல்லை. படை உள்ள வந்தா முதல்ல உடைக்கிறது நிலவறைப் பூட்டைத்தான். அதனால அவங்களை ஏமாத்த, பெட்டியில மணலைப் போட்டு அங்கேயே விட்டுட்டார். அவர் முழங்கால்ல இருக்கிறது இடிஞ்ச சுவரோட தூசின்னா உதறினதும் போயிருக்கும். இது குழைச்சு இறுகின பிளாஸ்டர். மூட்டையை எடுங்க, மீசை."

மூட்டைகள் விலகின. சிங்கத்தின் முதுகில் ஒரு இடம் மட்டும் புதிதாகப் பூசப்பட்டு வெளுப்பாக இருந்தது. அதிகாரியே முன்வந்து உளியால் மெல்லத் தட்டினார். பிளாஸ்டர் பெயர்ந்தது. உள்ளே கூடாக இருந்த வயிற்றில், பொட்டலங்கள் சூழ, வெள்ளைத் துணி சுற்றிய கப்பல் விளக்கு! ஒரு கீறல் இல்லை.

தலைவி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். "பார்த்தீங்களா, என் வீட்டுக்காரரை!" என்றார் அழுகைக்கு நடுவே. அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு ஆப்பரேட்டருக்கே மார்பு விம்மியது. அதிகாரி தொப்பியைக் கழற்றினார். "மறைச்சது உண்மைதான். யாருக்காகன்னு நான்தான் யோசிக்கலை. மன்னிச்சிடுங்கம்மா."

வேறு பெட்டியில் கப்பல் லாரி ஏறியது. தலைவி ஆஸ்பத்திரித் திசையைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். கால் நகரவில்லை.

"நீங்க அவர்கிட்ட போங்க," என்றார் அண்ணி. "கப்பலோட என் கொழுந்தன் போவான்."

"நானா?" என்றான் அவன். லாரியில் ஏறிப் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டான்.

லாரி கிளம்பும்போது, மீசை வெறும் சிங்கத்தைச் சுற்றி மூட்டைகளை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். "உள்ளதான் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டான் ஆப்பரேட்டர்.

"பிள்ளைங்க திரும்பி வந்து தேடுமே தம்பி," என்றார் அவர்.

பாலத்து முனையில் சிப்பாய் லாரியை மறித்தான். "பெட்டியில என்னய்யா?"

வேறு நாளாயிருந்தால் ஆப்பரேட்டர் அரை மணி நேரம் கதை அளந்திருப்பான். இப்போது பெட்டிமேல் வைத்த கையை எடுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எங்க வீட்டு விளக்கு," என்றான்.

சிப்பாய் தடுப்பைத் தூக்கினான்.