வெளிச் சத்தம் உள்ளே வராது

பரளச்சியில் பாண்டீஸ்வரி பஸ்ஸை விட்டு இறங்கியபோது உச்சி வெயில். இறங்கியது அவள் ஒருத்திதான். பஸ் கிளப்பிவிட்டுப் போன புழுதி அடங்கியதும், சாலையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலங்காடு மட்டும் நின்றது. ஓர் இலைகூட அசையவில்லை.

கல்யாணமாகி ஒரு வருஷம் முடியப் போகிறது. முகேஷுக்கு என்ன வாங்கித் தருவது என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவன் நூல் மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, தூங்கி எழுந்து, மத்தியானம் ஒரு மணி நேரம் செல்போனில் கேம் ஆடுவான். கூட ஆடுகிறவர்கள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள். பாளையம்பட்டியில் அவர்கள் குடியிருந்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடம். அந்தச் சத்தத்தில் அவன் கத்துவது அவர்களுக்குக் கேட்காது, அவர்கள் கத்துவது இவனுக்குக் கேட்காது. "ஏலே, பின்னாடி வாராம்லே!" என்று இவன் தொண்டை கிழியக் கத்தி முடிப்பதற்குள் கேமில் அந்த ஆள் செத்திருப்பான்.

இரண்டு வாரம் அவள் ஹெட்செட் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினாள். ஒயர் இல்லாதது என்றால் சத்தம் ஒரு நொடி பிந்தி வரும், கேமுக்கு ஆகாது. காதை முழுசாக மூடும் மெத்தை வேண்டும். மைக் வாய்க்குப் பக்கத்தில் வர வேண்டும். அருப்புக்கோட்டைக் கடையில் நின்ற பையன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"யக்கா, ஒங்க பட்ஜெட்டுக்குக் காது நல்லாருந்தா மைக்கு கரகரங்கும். மைக்கு நல்லாருந்தா காது நோகும். ரெண்டும் வேணும்னா இன்னொரு ஆயிரம் போடணும்."

"ரெண்டும் நல்லாருக்குற மாதிரி ஒன்னு கூடவா செய்யல?"

"செஞ்சிருக்கான்க்கா. நம்மளுக்குச் செய்யல."

அன்றைக்கு இரவுதான் பழைய பொருள் விற்கும் ஆப்பில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. இரண்டு மாதமே பயன்படுத்தியது. ஒயர் மாடல். காதுக்கு நல்ல மெத்தை. வெளிச் சத்தம் உள்ளே வராது. புதிதாக வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு. பெயர் சின்னத்துரை, ஊர் பரளச்சி. அவள் கேட்டதும் உடனே பதில் வந்தது: 'நாளைக்கு மத்தியானம் வாங்கக்கா. வீட்ல அம்மா இருக்கும்.'

வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வாசலில் கோலம் இல்லை. கதவு திறந்து கிடந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி நாளாகியிருந்தது.

"சின்னத்துரை இருக்காகளாம்மா? ஹெட்செட்டு விக்கிறதாப் போட்டிருந்தாக."

"யாரு போட்டது?"

"அவுகதான். நேத்து ராத்திரி பேசுனாக."

அந்த அம்மாள் நிமிர்ந்தாள். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. தாகத்தில் இருப்பவர்கள் அடுத்தவர் கைச்செம்பைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

"எம் பிள்ள என்ன சொன்னான்?"

"வீட்ல அம்மா இருக்கும், வாங்கன்னு..."

அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிறகு அவள் உள்ளே போய், ஒரு துண்டில் சுற்றி அதை எடுத்து வந்தாள். கருப்பு நிறம். ஒரு கீறல்கூட இல்லை.

பாண்டீஸ்வரி மாட்டிப் பார்த்தாள்.

உலகம் அறுந்து விழுந்தது. தூரத்து ஆட்டு மணி இல்லை. காற்று இல்லை. எதிரே அந்த அம்மாளின் உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை. விளம்பரத்தில் சொன்னது நிஜம்தான் என்று சந்தோஷப்பட்டாள்.

அந்த மௌனத்துக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

சட்டென்று கழற்றினாள். மெத்தையில் விறகு வெந்த வாடை அடித்தது.

"துட்டு வேணாம் தாயி," என்றாள் அந்த அம்மாள். "இது இந்த வீட்ட விட்டுப் போனாப் போதும். சொல்லிக்கிட்டுப் போகாத. எந்திரிச்சு சும்மா போ."

ஏதோ வீட்டுச் சண்டை போலிருக்கிறது, மகன்மேல் உள்ள கோபத்தில் பேசுகிறாள் என்று பாண்டீஸ்வரி நினைத்தாள். பணத்தைத் தண்ணீர்ச் செம்புக்கு அடியில் வைத்தாள். வாசல் தாண்டும்போது, வளர்த்த வளர்ப்பு விடவில்லை. திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"போயிட்டு வாரேம்மா."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளறையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் சங்கரபாண்டியன் கேட்காமலே தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

"சின்னத்துர வீட்டுலருந்து வாரீகளா? கேதம் விசாரிக்கவா?"

அவளுக்குப் புரியவில்லை.

"பாவம், அவன் ஆத்தா தங்கமாரி. ஒத்தப் பிள்ள. அவன் செத்து இன்னும் பதினாறாம் நாள் கூடக் கழியல. இங்கன வீட்டுக்குள்ள டவர் எடுக்காது. காதுல அந்தக் கருமத்த மாட்டிக்கிட்டு, கேம் ஆடிக்கிட்டே காட்டுப் பக்கம் நடந்திருக்கான். அங்கன கரிமூட்டம் போட்டுருந்தாக."

கரிமூட்டம் அவளுக்குத் தெரியும். கருவேல விறகை அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே நாள்கணக்கில் நெருப்பை அடைத்து வைத்திருப்பார்கள். வெளியே பார்த்தால் வெறும் மண்மேடு.

"ஆத்தாக்காரி பின்னாடியே கத்திக்கிட்டு ஓடியிருக்கா. அவனுக்குக் கேக்கல. மேல ஏறிட்டான். உள்வாங்கிருச்சு."

பாண்டீஸ்வரி டம்ளரைக் கீழே வைத்தாள்.

சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. போயிட்டு வாரேன் என்று சொன்னால் அங்கே இருப்பது நம்மோடு உறவு வைத்துக்கொண்டு கூடவே வந்துவிடும். மூன்று வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுப்பது. அவள் சொல்லியிருக்கிறாள். சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

செல்போன் அதிர்ந்தது. ஆப்பில் புதிய செய்தி.

'எந்தப் பஸ்ஸுக்கா?'

ஹெட்செட்டைத் துண்டோடு சுற்றிக் கருவேலம் புதருக்குள் வீசினாள். வந்த பஸ்ஸில் ஓடி ஏறி, ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்டக்டர் பக்கத்தில் வந்தார்.

"ஒங்களுக்கு ஃப்ரீம்மா. தம்பிக்குத்தான் டிக்கெட் எடுக்கணும்."

"எந்தத் தம்பி?"

அவர் அவளுக்கு அருகில் இருந்த காலி இருக்கையைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அருப்புக்கோட்டை வரும்வரை அவர் அவள் பக்கம் வரவே இல்லை.

வீட்டுக் கதவைத் தள்ளியபோது முகேஷ் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. காதில் அது.

"ஏ பாண்டி, சொல்லாம கொள்ளாம கெட்டிக்காரத்தனம் பண்ணிருக்க! ஒரு தம்பி கொண்டாந்து குடுத்துட்டுப் போனான், அக்கா மறந்து விட்டுட்டாகன்னு. செமையா இருக்கு. தறிச் சத்தம் துளி கேக்கல."

"மாமா, கழட்டுங்க. மொதல்ல கழட்டுங்க!"

அவன் சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தான். "என்ன வாய மட்டும் அசைக்கிற?"

அவளே பாய்ந்து பிடுங்கினாள். நடந்ததை எல்லாம் அழுதுகொண்டே சொன்னாள். அவன் அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

"பாண்டி. வெளையாடாத. சத்தமாப் பேசு."

அவள் கத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"என்னம்மா, என்னாச்சு?" என்றார் ஒருவர்.

"ஒன்னுமில்லண்ணே," என்று முகேஷ் அவருக்குப் பதில் சொன்னான்.

அவர் கேட்டது அவனுக்குக் கேட்டது. அவள் கத்தியது கேட்கவில்லை.

மதுரையில் காது டாக்டர் எல்லாச் சோதனையும் செய்தார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சின்னச் சின்னச் சத்தம் கொடுத்தார்கள். ஒன்றுவிடாமல் கை தூக்கினான். நர்ஸ் பேசியது கேட்டது, வராந்தாவில் யாரோ இருமியது கேட்டது. பாண்டீஸ்வரியின் குரல் மட்டும் இல்லை. டாக்டர் வேறொரு டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார். அவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

முகேஷ் அந்த ஹெட்செட்டை அம்மிக்குழவியால் நொறுக்கினான். ஒயரைக் கொளுத்தினான். அன்றைக்கு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவளுடைய தொண்டைக்குழியில் இரண்டு விரலை வைத்தான்.

"இப்பப் பேசு."

"மாமா," என்றாள்.

"அதிருது," என்றான். "பேசுறன்னு தெரியுது பாண்டி." விரலை எடுக்காமலே அழுதான். அவளுடைய குரல் எப்படி இருக்கும் என்பது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது என்று அவன் சொன்னது அதற்கடுத்த வாரம்.

அவள் மறுபடியும் பரளச்சிக்குப் போனாள். தங்கமாரியின் காலில் விழுந்தாள்.

"கூப்புட்டுக்கங்கம்மா. ஒங்க பிள்ளைய ஒரு தடவ கூப்புடுங்க. நீங்க கூப்புட்டா வருவாக."

தங்கமாரி அவளைத் தூக்கி உட்கார வைத்தாள். பிறகு வாசலைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். ஒரு தடவை. இரண்டு தடவை. வெயில் அப்படியே நின்றது.

"அன்னைக்கும் இப்படித்தான் கூப்புட்டேன்," என்றாள். "நீ போனதுலருந்து உள்ளறையில ஒரு சத்தமும் இல்ல தாயி. முந்தி நாக்காலியாவது நகரும்." அவள் பாண்டீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் இறங்கியது. "ஒங்கிட்டப் பேசுறானா? நல்லாருக்கானா?"

பாண்டீஸ்வரி கையை விடுவித்துக்கொண்டாள். எழுந்து, ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். இந்தத் தடவை எல்லாம் சரியாகத்தான் செய்தாள்.

ஒன்றும் மாறவில்லை.

அவளும் முகேஷும் ஒரு நோட்டு வாங்கினார்கள். சோறு போடவா, பால்காரருக்கு நாளைக்கு வேண்டாம், மேல் வலிக்கிறது. எல்லாம் அதில் எழுதினாள். முகேஷ் பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டான். முதலில் விரலைத் தொண்டைக்குழியில் வைத்துப் பார்ப்பதை அவன் விடவில்லை. அப்புறம் அதுவும் நின்றது. வீட்டில் அவள் வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். கேட்க ஆளில்லாத குரலை வைத்து என்ன செய்வது?

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம். முகேஷ் மில்லுக்குப் போயிருந்தான். தறிக் கூடத்துக்கு அன்று விடுமுறை. தெருவே மூச்சு விடாமல் கிடந்தது. கஞ்சி வடிக்கும்போது பானை வழுக்கி, கொதிக்கும் கஞ்சி அவள் முழங்கையில் ஊற்றியது.

"அம்மா!"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட அவளுடைய குரல்.

முன்னறையில் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ அவசரமாக எழுந்த சத்தம்.

"என்னக்கா, சுட்டுருச்சா?"

இளசான குரல். பயந்த குரல்.

அவள் திரும்பவில்லை. முதுகுப் பக்கம் நெருப்புக்கு முன்னால் நிற்பதுபோல் அனல் அடித்தது. தரையில், அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில், ஈரத்துணி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

ஓட வேண்டும் என்று நினைத்தாள். கதவு பக்கத்தில்தான் இருந்தது.

பாண்டீஸ்வரி அந்தத் துணியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"ஆமா தம்பி," என்றாள் மெதுவாக. "ரொம்ப எரியுது."

"ஊதி விடவாக்கா?" என்றது, காதுக்கு வெகு அருகில்.