ஒன்பதாம் பீப்பாய் ஜெயித்த காலை

காலை மணி 10.40. ஜெயித்தது ஒன்பதாம் நம்பர் பீப்பாய். தோற்றது பதினேழு.

சௌமியாவுக்கு வயிறு எரிந்தது. சுற்றி வளைத்துச் சொல்வானேன்? பதினேழு அவளுடையது. ஒன்பது ஹரீஷ்குமாருடையது.

நாலு வருடத்துக்கு முன் ஒரே நாளில், ஒரே பார்லியில், ஒரே செப்புக் கொதிகலனில் வடித்த சரக்கை ஒரே மாதிரியான இரண்டு ஓக் பீப்பாய்களில் நிரப்பி ஆளுக்கொன்று கொடுத்திருந்தார் முதலாளி நாராயணப்பன். கிடங்கில் எங்கே வைப்பது என்பது மட்டும் அவரவர் இஷ்டம். ஜெயிக்கிற பீப்பாய்தான் ஆலையின் முதல் சிங்கிள் மால்ட் விஸ்கி. பாட்டிலில் கையெழுத்தும், சரக்கை ருசி பார்த்துக் கலக்கும் தலைமை பிளெண்டர் பதவியும் ஜெயித்தவருக்கு.

ஹரீஷ் ஸ்காட்லாந்தில் படித்தவன். வாயைத் திறந்தால் "அங்கெல்லாம் இப்படித்தான்" என்பான். சௌமியா மத்தூர்க்காரி, ஆலையின் லேபில் பாட்டில் கழுவி மேலே வந்தவள். அவள் தன் பீப்பாயைத் தகரக் கூரைக்கு அடியில், மேல் அடுக்கில் ஏற்றியபோது அவன் சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இருந்தது. அவனுடையது கீழே, தண்ணீர்த் தொட்டிச் சுவரை ஒட்டி, ஈர மண் தரையில் குளுகுளுவென்று கிடந்தது.

பெங்களூரிலிருந்து வந்த மூன்று நடுவர்களும் அவனுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சௌமியா தோற்ற கிளாஸை எடுத்து மோந்தாள். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. ஜெயித்த கிளாஸை எடுத்தாள். காய்ச்சின வெல்லம், காய்ந்த அத்திப்பழம். அடப்பாவி, இது அவள் சரக்கல்லவா!

"சார், இது என் பீப்பாய்ல இருந்தது. யாரோ மாத்திட்டாங்க."

"தோத்தா இப்படித்தான் பேசத் தோணும்," என்றான் ஹரீஷ்.

நாராயணப்பன் முகம் சிவந்தது. "கிடங்குக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி சென்னப்பன்கிட்ட, இன்னொண்ணு கவர்மெண்ட் மேடம்கிட்ட. பீப்பாய்ல ஒரு லிட்டர்கூடக் குறையல. என்னம்மா திருடு போச்சு? பன்னண்டு மணிக்குக் கையெழுத்து. அதுக்குள்ள நிரூபி. இல்லாட்டி ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பு."

மணி 11.00. கவர்மெண்ட் மேடம் என்றால் முனவர் பேகம், ஆலையிலேயே அரசாங்கம் உட்கார்த்தி வைத்திருக்கும் ஆயத்தீர்வை அதிகாரி. இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஒரு சொட்டை நாக்கில் வைத்தவரில்லை.

சௌமியா வந்து சொன்னதைக் கேட்டதும் கிடங்குக் காவலர் சென்னப்பனைக் கூப்பிட்டார்.

"இந்த வருசம் எத்தன தடவ தொறந்தோம்?"

"மூணுங்கம்மா. இந்த அம்மிணி மோந்து பாக்க ஒருக்கா. போன மாசம் பன்னண்டாந்தேதி ஒரு பீப்பாய் ஒழுகுதுன்னு ஹரீஷ் சார். இன்னிக்கு சாம்பிள் எடுக்க."

"ஒழுகுனது நெசமா?"

"நெசந்தானுங்க, நானே பாத்தன். மாத்தி ஊத்தக் காலிப் பீப்பாயும் பம்பும் கொண்டுபோனாரு. மூணு மணி நேரமாச்சு. நீங்களும் நானும் வாசல்லதானுங்களே உக்காந்திருந்தோம்."

முனவர் பேகம் உதட்டைக் கடித்துக்கொண்டார். பூட்டைத் திறந்துவிட்டதே அவர் கைதான்.

"மேடம்," என்றாள் சௌமியா, "எனக்கு அவன்மேல பொறாமைதான். நாலு வருசமா பொறாமைதான். அதுல என் மூக்கே பொய் சொல்லுதோ என்னமோ."

"பொறாமக்காரி வீட்லயும் திருடன் வருவான் கண்ணு. மூக்க விடு, அது சாட்சி ஆகாது."

தன் பதிவேட்டைப் புரட்டினார். நிரப்பிய அன்று இரண்டு பீப்பாயிலும் ஆல்கஹால் அறுபத்திரண்டு சதவீதம். இன்று காலை சாம்பிள் எடுத்தபோது அவரே அளந்து எழுதியது: பதினேழு, ஐம்பத்தெட்டு. ஒன்பது, அறுபத்தைந்து. நடுவர்களுக்கு எல்லாமே தண்ணீர் கலந்து நாற்பத்தாறுக்கு இறக்கித்தான் போகும். அதனால் இந்த வரியை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முனவர் பேகம் இரண்டு தடவை பார்த்தார். பிறகு பக்கத்துப் பக்கங்களையும் பார்த்தார்.

மணி 11.40. கிடங்கில் எல்லோரும் கூடினார்கள்.

"தம்பி, உங்க பீப்பாய் நாலு வருசமும் இதே எடத்துலதானா? நடுவுல மேல கீழ மாத்துனீங்களா?"

"ஒரு இஞ்ச் நகரல மேடம்," என்றான் ஹரீஷ், பெருமையாக.

"சந்தோசம். அப்ப அது எப்படித் தம்பி ஏறுச்சு?"

"எது?"

"சதவீதம். இந்த ஊர்க் காத்து வறண்ட காத்து. தகரத்துக்கு அடியில கொதிக்கிற சூட்ல மரத்து வழியாத் தண்ணிதான் முந்திப் போகும். ஆல்கஹால் தங்கிரும், சதவீதம் ஏறும். கீழ ஈரத்துல தலைகீழ். தண்ணி தங்கும், ஆல்கஹால் போகும், எறங்கும். உங்களுதுக்குப் பக்கத்துல இருக்கற பீப்பாய் ஐம்பத்தேழு. இவளுதுக்குப் பக்கத்துல இருக்கறது அறுபத்தேழு. இன்னிக்குக் காலைல சுத்தி இருக்கறதையும் அளந்தேன், ஒண்ணுகூடத் தப்பல. இந்த ரெண்டு மட்டும் எடம் மாறி நிக்குது."

ஹரீஷ் இரண்டு பீப்பாய்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீங்க படிச்சது குளிர் நாடு. அங்க எந்தப் பீப்பாயும் எறங்கத்தான் செய்யும், இல்லையா? அதான் சதவீதத்தப் பத்தி நெனப்பே வரல. லிட்டர மட்டும் பாத்துப் பாத்துச் சரி பண்ணீங்க. மேல இருந்தது அதிகமா வத்தியிருந்துச்சு. இவளோடது முழுசையும் உங்க பீப்பாய்க்கு மாத்தி, பத்தாததுக்கு உங்களோடதுல அஞ்சுல ஒரு பங்கு கலந்துட்டீங்க. மிச்சம் இவ பீப்பாய்க்குள்ள போச்சு. கைக்கு வசதியா காலிப் பீப்பாயும் பம்பும் இருந்துச்சு."

நாராயணப்பன் ஹரீஷ் பக்கம் திரும்பினார்.

"மாத்தணும்னு போகல," என்றான் ஹரீஷ். "சும்மா இவ பீப்பாயத் தெறந்து மோந்து பாத்தேன். அப்படியே ஏணியில உக்காந்துட்டேன். வீட்ட அடமானம் வெச்சுப் படிச்சவன் நான். லேப்ல கெடந்த பொண்ணுக்கு இது எப்படி வந்துச்சு? என்னால தாங்க முடியல."

இத்தனை நாள் பொறாமை தன் ஒருத்தி சொத்து என்று நினைத்திருந்தாள் சௌமியா. அவன்மேல் பரிதாபம் வரவேண்டும். வரவில்லை. உள்ளுக்குள் தித்தித்தது, அதை ஒளிக்கவும் அவள் மெனக்கெடவில்லை.

முனவர் பேகம் புகார் எழுத உட்கார்ந்தார். நாராயணப்பன் பேனாவை சௌமியாவிடம் நீட்டினார். "ஜெயிச்சது உன்னுதும்மா. போடு."

பேனா காகிதத்தைத் தொடும் நேரத்தில் அவள் கை நின்றது. நடுவர்கள் குடித்தது அவள் விஸ்கியை மட்டுமல்லவே. ஐந்தில் ஒரு பங்கு அவன் அல்லவா அதில் இருந்தான்?

"மேடம், தனியா இருந்திருந்தாலும் என்னுது ஜெயிச்சிருக்குமா? இல்ல, அவன் கலந்ததாலயா?"

முனவர் பேகம் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அத அளக்க எங்கிட்டக் கருவி இல்ல கண்ணு."

சௌமியா கையெழுத்துப் போட்டாள். அந்த ஐந்தில் ஒரு பங்கை மட்டும் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.