நிறுத்தும் வயர்

இருபத்திரண்டு வருஷமாக ஓடாத மோட்டாரின் ஸ்பார்க் பிளக் சூடாக இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது. ஸ்பானரால் தளர்த்திவிட்டு, கடைசிச் சுற்றை வழக்கம்போல் விரலாலேயே திருகி எடுத்த மெக்கானிக், சுரீரென்று கையை உதறினான். பிளக் சிமென்ட் தரையில் விழுந்து உருண்டு மேசைக்கடியில் போய் நின்றது. குனிந்து எடுத்தபோது சில்லென்றுதான் இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பட்டறையின் அந்த மூலையில் எந்த மாதத்திலும் வெயில் விழாது. பட்டறையைக் கட்டியவனே அவன்தான், அவனுக்குத் தெரியாதா என்ன.

படகின் பின்புறத்தில் மாட்டுகிற பந்தய மோட்டார் அது. இரண்டு சிலிண்டர், அலுமினிய உடம்பு, முழங்கால் போட்டு உட்கார்ந்து ஓட்டுகிற சின்னப் படகுகளுக்கென்றே செய்தது. இந்த மாதிரி இப்போது யாரும் செய்வதில்லை. பெட்ரோலோடு விளக்கெண்ணெய் கலந்து குடிக்கும். ஓடினால் அந்தக் கருகிய இனிப்பு வாசம் கரை முழுக்கப் பரவும். தம்பி எதையாவது சொதப்பும்போதெல்லாம் அண்ணன், "எண்ணெய் எதுக்குடா தனியா, டேங்க்ல உன்னையே ஊத்திடலாம், விளக்கெண்ணெய்!" என்பான். தம்பிதான் இந்த மெக்கானிக். மோட்டார் அண்ணனுடையது.

அண்ணன் செத்ததும் அதனால்தான். பந்தயத்தில் ஒரு வளைவில் படகு துள்ளியதில் தூக்கி எறியப்பட்டான். ஆளில்லாத படகு நேராகப் போகாது, இடப்பக்கமாக வட்டமடிக்கும். அடித்தது. திரும்பி வந்து அவன் மேலேயே ஏறியது. அப்படி நடக்காமல் இருக்கத்தான் ஓட்டுபவர் மணிக்கட்டில் ஒரு கைக்கயிறு கட்டிக்கொள்வார். ஆள் விழுந்தால் கயிறு சுவிட்சிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், மோட்டார் அந்த நொடியே அணைந்துவிடும். அண்ணனின் கயிறு படகிலேயே சுவிட்சில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிக்கொள்ளவில்லை, அலட்சியம் என்று விசாரணையில் எழுதி முடித்துவிட்டார்கள்.

போன வாரம் அண்ணி அந்த மோட்டாரைச் சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். அவள் வீட்டுச் சுவரில் அண்ணனின் ஒரு படம் கூடக் கிடையாது. செத்த மறுவாரமே எல்லாவற்றையும் கழற்றி வைத்தவள், பிறகு அவன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

"வயித்துல புள்ளையோட நான் கரையில நிக்கிறேன் தம்பி. ஒரு கயித்தை எடுத்துக் கட்டிக்க அவருக்கு மனசு வரலை. எங்களைப் பத்தி அவ்வளவுதான் நெனப்பு," என்றாள். பிறகு சாக்கின் மேல் கையை வைத்தாள். "இந்தக் கோபத்தைச் சுமந்து சுமந்து எனக்கும் ஓஞ்சு போச்சு. ஒரே ஒரு தடவை இதை ஓட வைங்க. அந்தச் சத்தம் கேட்டா அவரே எதிர்ல இருக்கிற மாதிரி இருக்கும். மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டுப் போயிடறேன்."

மெக்கானிக் தலையாட்டினான். அன்று இரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வேலையில் மூழ்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தான். கார்புரேட்டரைப் பிரித்து ஊற வைத்தான். பிஸ்டன் வளையங்களை மாற்றினான். துருவேறிய போல்ட் ஒவ்வொன்றையும் எண்ணெய் விட்டு, தட்டி, கெஞ்சி, திட்டிக் கழற்றினான். மூன்றாம் நாள் தேநீர் கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"என் முகத்தை என்னைக்காவது இவ்வளவு நேரம் பார்த்திருக்கீங்களா? ஆமா, இங்க என்னங்க ஏரித் தண்ணி வாடை?"

"ஏரியில ஓடின மோட்டார்தானே."

"நேத்து இந்த வாடை இல்லையே," என்று மூக்கைச் சுளித்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகுதான் கவனித்தான். ஸ்டாண்டில் நேராக வைத்து மாட்டிய மோட்டார் இடப்பக்கம் முழுசாகத் திரும்பி நின்றது. நேராக்கினான். சாப்பிட்டு வந்து பார்த்தபோது மறுபடியும் இடப்பக்கம். கம்பி போட்டு இறுக்கிக் கட்டினான். காலையில் கம்பி அறுந்திருக்கவில்லை. முறுக்குப் பிரிந்து, நேர்த்தியாகச் சுருட்டி, மேசை மேல் இருந்தது.

அப்போதும் அவன் மோட்டாரின் மூடியைக் கழற்றிப் பார்க்கவில்லை. அதற்குள் ஒரு வயர் இருக்கிறது. சுவிட்சிலிருந்து, பிளக்குக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவுக்குப் போகும் கறுப்பு வயர். கயிறு பிடுங்கிக்கொண்டால் மோட்டாரை அணைப்பது அதுதான். அதை மட்டும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறு நாள் தள்ளிப் போட்டான். ஏழாம் நாள் மதியம், மழை தகரக் கூரையில் தடதடக்க, வேறு வேலை மிச்சமில்லாமல் மூடியைத் திறந்தான்.

வயர் கழன்று தொங்கியது. முனையில் பச்சை டேப் சுற்றியிருந்தது.

மூன்று சுற்று. கடைசி நுனி மடித்து ஒட்டியது, பிறகு பிரிக்கச் சுலபமாக இருக்கட்டுமென்று. அது அவன் பழக்கம். அவன் கைவேலை.

பந்தயத்தன்று காலை அந்த வயரின் உறை தேய்ந்து மோட்டாரின் உடம்பில் பட்டுக்கொண்டிருந்தது. வளைவுகளில் மோட்டார் விக்கியது. பந்தயத்துக்குப் பத்து நிமிஷம். புது வயர் இழுக்க நேரமில்லை. கழற்றி டேப் சுற்றிவிட்டான். "சரியாயிடுச்சாடா?" என்று அண்ணன் கேட்டான். "சூப்பரா இருக்கு, போ," என்றான் தம்பி. அண்ணன் சிரித்துக்கொண்டே கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டான். ஆமாம், கட்டிக்கொண்டான். இரண்டு முடிச்சு.

மீட்புப் படகில் முதலில் போய்ச் சேர்ந்தது தம்பிதான். தண்ணீரில் ஊறி இறுகிய அந்த முடிச்சு விரலுக்கு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தான். கயிற்றைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு கரைக்கு வந்து, நாணலில் மோதி நின்றிருந்த படகை இழுத்து வரும் சாக்கில் அதைச் சுவிட்சில் மாட்டினான். டேப்பை உரித்து, வயரைப் பழையபடி இணைத்தான். எல்லோரும் அண்ணனைச் சுற்றி அழுதுகொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கே உரித்துத் தண்ணீரில் எறிந்த டேப் இது.

மறுபடி உரித்தான். வயரைப் பூட்டினான். கை கழுவிவிட்டு வந்தான். தொங்கியது. மூன்று சுற்று.

அண்ணிக்குப் போன் போட்டான். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போட்டான். அவள் எடுத்ததும், "சாப்டீங்களா அண்ணி?" என்றான். "சாப்டேன் தம்பி. நான் கிளம்பிட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன்," என்றாள். இவ்வளவு பெரிய பாவத்துக்கு வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்.

மழை விடாத அந்தச் சாயங்காலம் அண்ணி வந்தாள். நல்ல உடை உடுத்தியிருந்தாள். தலை வாரி, எங்கோ விசேஷத்துக்குக் கிளம்பியவள்போல் இருந்தாள். தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் விசிறி மூழ்கும்படி மோட்டாரை மாட்டியிருந்தான். ஸ்டார்ட் செய்யும் தோல் வாரைச் சுற்றினான். ஓடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இழுத்தான்.

முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

பீப்பாய் கொதித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. கருகிய விளக்கெண்ணெய் வாசம், அதற்கடியில் பாசி வாசம். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். மோட்டாரை நோக்கி ஓரடி வைத்தாள்.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமில்லை. தப்பே செய்யாதவனை மன்னிக்கப் போகிறாள்.

"அண்ணி, அவன் கட்டியிருந்தான்!" என்று கத்தினான்.

மோட்டார் அலறியது. யாரும் முடுக்கவில்லை. தானாக ஏறியது. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. வாயை மூடினான்; சத்தம் தணிந்தது. திறந்தான், ஏறியது. மூடினான்; தணிந்தது.

அந்தத் தணிவில் அண்ணியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"உங்களை மன்னிச்சுட்டேங்க."

சுவிட்சை அமுக்கினான். நிற்கவில்லை. எப்படி நிற்கும். பெட்ரோல் குழாயைப் பிடுங்கினான். நிற்கவில்லை. ஓடியது. ஓடியது. மெதுவாக இடப்பக்கம் திரும்பியது. அவன் பக்கம். பிளக் வயர்களைக் கையோடு பற்றி இழுத்தான். ஷாக் தோள் வரை அடித்தது.

நின்றது.

மழைச் சத்தம் மட்டும். அண்ணி கண்ணைத் திறந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் முகம் இளகியிருந்தது.

"ஏதோ கத்தினீங்களே தம்பி. காதுல விழலை. இப்போ சொல்லுங்க."

சொல்லலாம். தடையில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவனுக்கு நிஜமாகவே சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தான்.

தண்ணீர் வந்தது.

முதலில் ஒரு வாய். பிறகு நிற்கவில்லை. ஜில்லென்று, பாசியும் எண்ணெய்ப் படலமுமாக, மூச்சு விட இடமில்லாமல். தாடையை இரண்டு கையாலும் அழுத்தினான். விரலிடுக்கில் வந்தது. சட்டை நனைந்தது. தரை நனைந்தது. அண்ணியின் செருப்பு மூழ்கியது.

அவள் கிட்டே வந்தாள். கைக்குட்டையால் அவன் கன்னத்தை, கன்னத்தை மட்டும், பரிவோடு துடைத்தாள்.

"அழாதீங்க தம்பி," என்றாள், கணுக்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டு. "உங்க மேல என்ன தப்பு இருக்கு?"