செல்லக்கிளியின் ஃபோல்டர்

இரண்டாயிரத்து நாலில், நாகமலை புதுக்கோட்டையில் உள்ள அந்த வீட்டுக்குத் தமிழ்ச்செல்வி ஜெயபாண்டிக்கு இரண்டாந்தாரமாக வந்து இறங்கினாள். செத்துப்போன மூத்தவள் செல்லக்கிளியின் சேலை, வளையல் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திச் சுவருக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரை மட்டும் யாரும் தொடவில்லை.

ஜெயபாண்டி வேலை விட்டு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவான். செல்லக்கிளி பாடியது, சிரித்தது, அவனை வைதது எல்லாம் அவள் பேரிலேயே ஒரு ஃபோல்டரில் கிடந்தன. அந்த நேரத்தில் மஞ்சளும் மருந்தும் கலந்த ஒரு வாடை அறைக்குள் வரும். புதுப் பெண்டாட்டி காப்பியோடு நின்று, கால் கடுத்துத் திரும்புவாள். செத்தவளோடு சக்களத்திச் சண்டை போடவா முடியும்?

முடிந்தது. உசிலம்பட்டியில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவளாயிற்றே! ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, முதலில் கம்ப்யூட்டரில் செல்லக்கிளி பேரில் இருந்த கணக்கையே அழித்தாள். ஃபோல்டரின் உரிமையாளர் இடத்தில் பேர் போய், நீளமாக ஒரு எண் மட்டும் நின்றது. அங்கே தன் பேரைப் போட்டாள். அனுமதிப் பட்டியலிலிருந்து புருஷனை நீக்கினாள். இனி தமிழ்ச்செல்வியைத் தவிர யாரும் அந்தக் குரலைத் திறக்க முடியாது.

சாயங்காலம் அவன் கூப்பிட்டான்.

“தமிழு, தொறக்க மாட்டேங்குது. அனுமதி இல்லன்னு வருது. நீ படிச்சவதானே, பாரேன்.”

“வைரஸா இருக்கும்ங்க.”

“அவ குரலு வேற எங்கயும் இல்ல, தமிழு.”

அவன் எழுந்து அடுக்களைக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினான். தமிழ்ச்செல்விக்கு உடம்பெல்லாம் கூசியது. எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாதவளிடம் போய்த் திருடியிருக்கிறோமே என்ற வெட்கத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவன் கிளம்பியதும், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். ஃபேன் ஓடியும் அறையில் காற்றில்லை. அந்த வாடை மட்டும் இருந்தது.

உரிமையாளர் இடத்தில் அவள் பேர் இல்லை.

செல்லக்கிளி என்றிருந்தது.

அழித்த கணக்கு. திரும்பி வர வழியே கிடையாது. கணக்குகளின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். அதில் செல்லக்கிளி இல்லை. ஃபோல்டரைத் திறக்கப் போனாள்.

அனுமதி இல்லை.

மேசைமேல் கிடந்த ஹெட்போனுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஜெயபாண்டி தொட்டதும் ஃபோல்டர் திறந்துகொண்டது.

“நீதானே சரி பண்ணுன? உனக்கு எம்புட்டுப் பெரிய மனசு, தமிழு!”

கண்கலங்கிச் சிரித்தவனைப் பார்க்கமாட்டாமல் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

“இரு, நம்ம கல்யாணப் படத்தையும் பாப்போம். தண்ணி குடிச்சிட்டு வாரேன்.”

அவன் அந்தப் பக்கம் போனதும், கல்யாணப் படங்கள் இருந்த ஃபோல்டரின் விவரத்தை அவள் திறந்து பார்த்தாள்.

உரிமையாளர்: செல்லக்கிளி.

அனுமதிப் பட்டியலில் ஜெயபாண்டியின் பேருக்கு நேரே எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. அதற்குக் கீழே தமிழ்ச்செல்வி. அவளுக்கு ஒரே ஒரு டிக்.

பார்க்க மட்டும்.