ஒரே பயணமா, இரண்டு பயணமா?

எங்கள் ஊர் அஸ்மாராவில் சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். எங்கள் தெருவில் அப்படி ஒரே ஒருவர்தான் உண்டு. அவருக்கு வயது எட்டு மாதம்.

தெருமுனையில் மெஹாரி அண்ணனின் சைக்கிள் பட்டறை இருக்கிறது. அங்கே ஒரு சிவப்பு ரேஸ் சைக்கிள் சுவரில் தொங்கும். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சிறுவர் போட்டி. முதலில் பையன்களுக்கு, பிறகு பெண்களுக்கு. எங்கள் தெருப் பிள்ளைகள் அந்தச் சிவப்பு சைக்கிளை இரவல் வாங்கிப் போய் ஓட்டலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தெக்கெம்ஹரே என்ற ஊர் வரை, நாற்பது கிலோமீட்டரும், ஒரே பயணமாகப் போயிருக்க வேண்டும். போனவர் பெயரைப் பட்டறைக் கதவில் சாக்பீஸால் எழுதுவார்கள்.

கதவில் ஒரே ஒரு பெயர் இருந்தது. யாஃபெத்.

பதினொரு வயது லுவாமுக்கு அந்தச் சைக்கிள்மேல் கொள்ளை ஆசை. ஆனால் ஆசையைவிடப் பெரியதாக அவளிடம் ஒன்று இருந்தது. கேள்வி.

"ஒரே பயணம்னா என்ன?" என்று கேட்டாள்.

யாஃபெத்துக்கு அவளைவிட ஒரு வயது அதிகம். விதி எழுதுவது என்றால் அவனுக்குச் சாப்பாடுகூட வேண்டாம். நோட்டைப் புரட்டினான்.

"கால் தரையில பத்து நிமிஷத்துக்கு மேல இருந்தா, அது ரெண்டு பயணம்."

"ஒன்பது நிமிஷம் அம்பது செகண்டு இருந்தா?"

"ஒரே பயணம்தான்."

"ஒத்தைக் கால் மட்டும் தரையில இருந்தா? பாதி நேரம்தானே கணக்கு?"

"மெஹாரி அண்ணே! இவளைப் பாருங்கண்ணே!"

மெஹாரி அண்ணன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். "கதவுதான் என்னோடது. சட்டம் உங்களோடது. என்னை இழுக்காதீங்க" என்றார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு லுவாம் அவளுடைய பழைய சைக்கிளில் கிளம்பினாள். சாட்சியாக யாஃபெத் கைக்கடிகாரத்தோடு பின்னால் வந்தான்.

பாதி வழிவரை எல்லாம் ஒழுங்காகப் போனது. அதற்குப் பிறகு ஒரு மேட்டின் அடியில், நடுரோட்டில் ஒரு கழுதை நின்றது. அதன் முதுகிலிருந்து இரண்டு தண்ணீர்க் கேன்கள் சரிந்து கீழே கிடந்தன. பக்கத்தில் ஓர் அம்மா, வலது கையில் கட்டுப் போட்டிருந்தார். ஒற்றைக் கையால் கேனைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை.

லுவாம் பிரேக் பிடித்தாள்.

யாஃபெத் உடனே அவளுடைய முன்சக்கரம் நின்ற இடத்தில் ஒரு கல்லை வைத்தான். கடிகாரத்தைப் பார்த்தான். "பத்து நிமிஷம். ஞாபகம் இருக்கட்டும்!"

ஒரு கேனை லுவாம் சைக்கிளில் மாட்டித் தள்ளினாள். இன்னொன்றை யாஃபெத் முணுமுணுத்துக்கொண்டே அவன் சைக்கிளில் மாட்டினான். கழுதையைப் பிடித்துக்கொண்டு அம்மா முன்னால் நடந்தார். வீடு மேட்டுக்கு மேலே இருந்தது. தண்ணீரை இறக்கி வைத்தபோது எட்டு நிமிடம் ஆகியிருந்தது.

"நாங்க வர்றோம்மா" என்றாள் லுவாம்.

"எங்க போறது? உட்காரு கண்ணு. இந்த லெதாய் வீட்டுக்கு வந்துட்டுக் காபி குடிக்காம யாரும் போனதில்ல" என்றபடி அந்த அம்மா அடுப்பைப் பற்றவைத்தார். "அக்கம்பக்கத்துல எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. நான் காபி குடிச்சு ரெண்டு நாளாச்சு. தனியா உக்காந்து யாரு குடிப்பா?"

லுவாமுக்குத் தெரியும். காபிக்கு உட்கார்ந்தால் கொட்டை வறுக்க வேண்டும், இடிக்க வேண்டும், மண்ஜாடியில் கொதிக்கவிட வேண்டும். மூன்று முறை ஊற்றுவார்கள். மூன்றாவது கிண்ணம்தான் ஆசீர்வாதம். அதற்கு முன்னால் எழுந்துபோவது பெரிய அவமரியாதை.

வாசலில் நின்ற யாஃபெத் ஒன்பது விரல்களை விரித்துக் காட்டினான்.

சிவப்பு சைக்கிள் லுவாமின் கண்முன்னால் வந்தது. ஆனால் லெதாய் அம்மா அதற்குள் மூன்று கிண்ணங்களைத் துடைத்து வரிசையாக வைத்துவிட்டார். ஒற்றைக் கையால்.

லுவாம் உட்கார்ந்தாள்.

"பத்து" என்றான் யாஃபெத். இனி அவசரம் இல்லை என்பதால் அவனும் உள்ளே வந்து, சோளப்பொரித் தட்டுக்குப் பக்கமாக இடம் பிடித்தான்.

அன்று லெதாய் அம்மா பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். கல்யாணப் பெண்ணின் மூக்கைப் பற்றியே முதல் கிண்ணம் முடிந்தது. லுவாம் வயிறு குலுங்கச் சிரித்தாள். மூன்றாவது கிண்ணம் காலியானபோது ஒன்றரை மணி நேரம் ஓடியிருந்தது.

"பின்பக்கப் பாதையில போங்க. கீழ இறங்கித் திரும்ப மேடு ஏறாமலே அந்தப்பக்கம் ரோட்டுக்குப் போயிடலாம்" என்றார் அம்மா.

"வா, அதுலயே போலாம். எப்படியும் ரெண்டு பயணம் ஆயிடுச்சு" என்றான் யாஃபெத்.

"நான் நின்ன கல்லு அங்கல்ல இருக்கு" என்றாள் லுவாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கினாள். முன்சக்கரத்தைக் கல்லுக்கு நேராக வைத்து, அங்கிருந்து மேட்டை மிதித்து ஏறினாள்.

தெக்கெம்ஹரே வந்து சேர்ந்ததும், இரண்டு சைக்கிளையும் பஸ்ஸின் கூரையில் ஏற்றிவிட்டு ஊர் திரும்பினார்கள்.

பட்டறையில் யாஃபெத் நோட்டைத் திறந்தான். "ரெண்டு பயணம். நான் என்ன பண்றது, விதி அப்படி."

லுவாமுக்கு அழுகை முட்டியது. ஆனால் கேள்வியும் முட்டியது. கேள்விதான் முதலில் வந்தது.

"இன்னைக்கு நாம எத்தனை தடவை காபிக்கு உட்கார்ந்தோம்?"

"ஒரு தடவைதான்."

"மூணு முறை ஊத்தினாங்களே? நடுவுல எவ்வளவு நேரம் சும்மா இருந்தோம்!"

"லூசு, அது ஒரே காபிதான். அதே ஜாடி, அதே தூள். விட்ட இடத்துலருந்துதானே திரும்பத் தண்ணி ஊத்திக் கொதிக்க வைக்கிறாங்க?"

"நானும் அதே சைக்கிள், அதே காலு. விட்ட இடத்துலருந்துதான் திரும்ப மிதிச்சேன். நடுவுல ஒரு அடி விட்டுருந்தா சொல்லு."

யாஃபெத் பென்சிலைக் கடித்தான்.

"அப்போ ராத்திரி தூங்கிட்டுப் போனாலும் ஒரே பயணமா?"

லுவாமும் யோசித்தாள். "தூங்கின இடத்துலருந்தே கிளம்பினா ஒண்ணுதான்னு நெனைக்கிறேன். நாலு நாள் போறவங்க தூங்காம எப்படிப் போவாங்க? ஆனா வீட்டுக்கு வந்து தூங்கிட்டுப் போனா அது வேற பயணம்."

"அதுவும் சரிதான்" என்றான் யாஃபெத். அவன் எப்போதும் கறாரானவன், ஆனால் அழுகுணி ஆட்டம் ஆடுபவன் இல்லை. பழைய விதியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினான். 'எவ்வளவு நேரம் நின்றாலும் நின்ற இடத்திலிருந்தே கிளம்ப வேண்டும். ஓர் அடிகூட விடக்கூடாது. எல்லாம் சொந்தக் காலால் மிதித்ததாக இருக்க வேண்டும்.'

கதவில் 'லுவாம்' என்று பெரிதாக எழுதினான். லுவாம் எம்பிக் குதித்தாள்.

யாஃபெத் மட்டும் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். காது இரண்டும் சிவந்தன. பிறகு சட்டைக் கையால் கதவில் இருந்த அவன் பெயரை அழித்தான்.

"ஏய், ஏன்டா?"

"அந்த மேட்டுல நான் ஒரு லாரியைப் பின்னாடி புடிச்சுக்கிட்டு ஏறினேன்." குரல் இறங்கிவிட்டது. "கால் தரையில படவே இல்ல. பழைய விதிப்படி சரி. புது விதிப்படி இல்ல."

மெஹாரி அண்ணன் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"போட்டிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குல்ல?" என்றாள் லுவாம்.

"நாளைக்குச் சர்ச் முடிஞ்சதும் போறேன். நீ சாட்சிக்கு வர்றியா?"

லுவாமின் தொடை இரண்டும் வலித்துக்கொண்டிருந்தன. "வர்றேன். ஆனா லெதாய் அம்மா வீட்டைத் தாண்டித்தான் போகணும். பாத்தா விடமாட்டாங்க."

"தெரியும்" என்றான் யாஃபெத். நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டி, நாளைக்கான கணக்கை எழுதினான்.

'சைக்கிள்: மூன்று மணி நேரம்.

காபி: ஒன்றரை மணி நேரம்.

மொத்தம்: ஒரே பயணம்.'