சரிபார்க்காத சாவி

"வாலுவின் சாவி மாறியிருக்கிறது. ஏற்கலாமா?"

கைப்பேசியில் அந்த வரி வந்தபோது அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெய்யலாமா வேண்டாமா என்று மழை யோசித்துக்கொண்டிருந்த சாயங்காலம். சன்னல் வழியாக ஈரமண் வாசனையும் தெருமுனையில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பும் சத்தமும் வந்துகொண்டிருந்தன. கணவர் இரவு வேலைக்குப் போய்விட்டதால் வீட்டுக்குள் ஃபிரிட்ஜின் முனகலும், துணியை உதறும்போது எழும் சோப்பு வாசனையும், சுவரில் மெல்ல ஏறிக்கொண்டிருந்த அவளுடைய நிழலும் மட்டும்தான் இருந்தன.

செயலிக்கு அந்த எச்சரிக்கை வரியை எழுதிக் கொடுத்தவளே அவள்தான். அலுவலகத்தில் அவளுக்குச் சாவிக்காரி என்று பெயர். அரட்டைச் செயலியில் இரண்டு பேர் பேசுவதை மூன்றாம் ஆள் ஒட்டுக்கேட்காதபடி, அவர்களுடைய கருவிகள் சாவி மாற்றிக்கொள்ள வைப்பது அவள் வேலை. ஆளுக்கு இரண்டு சாவி. ஒன்றை ஊருக்கே காட்டலாம். இன்னொன்று கருவியை விட்டு வெளியே வராது. எதிராளி காட்டிய சாவியைத் தன்னுடைய மறைவான சாவியோடு சேர்த்தால் இரண்டு பக்கமும் ஒரே ரகசியம் கிடைக்கும். வழியில் காது வைப்பவனுக்கு ஒன்றும் விளங்காது. "ஆனா, காட்டின சாவி அவங்களோடதுதானான்னு நேர்ல கேட்டு சரிபாத்துக்கங்கப்பா," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். யார் கேட்கிறார்கள்? எச்சரிக்கை வந்தால் ஈயை விரட்டுவதுபோல 'ஏற்கிறேன்' என்று தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

வாலு அவளுடைய மகள். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவோடு பேசுவதற்கென்று அவளுக்கு ஒரு டேப்லெட் இருந்தது. மகள் போன பிறகு அதைப் பார்க்கிறபோதெல்லாம் அழுகை வருகிறது என்று, உள்ளே இருந்த சாவியைத் தன் கையாலேயே அழித்து, அலமாரியில் போட்டு வைத்திருந்தாள். அழித்த சாவி திரும்பாது. இது அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. வாலு மறுபடி பேச வேண்டுமென்றால் புதிதாக ஒரு சாவி செய்துகொண்டுதான் வர வேண்டும்.

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். டேப்லெட் வைத்த இடத்திலேயே இருந்தது. கறுத்த திரையில் தூசி. பொத்தானை அழுத்தினாள். உயிர் வரவில்லை.

யாரோ விஷமம் செய்கிறார்கள், அல்லது நிரலில் பிழை. சரிபார்த்துவிட வேண்டியதுதான். ஆனால் யாரிடம் போய்ச் சரிபார்ப்பது? பொருந்தவில்லை என்று தெரிந்துவிட்டால்? அதைத் தாங்கும் தெம்பு அவளிடம் இல்லை. பெற்ற வயிறு கேட்கவில்லை. கைப்பேசியை எடுத்து 'ஏற்கிறேன்' என்று தட்டினாள்.

உடனே ஒரு குரல் பதிவு வந்தது.

"அம்மா... இருட்டா இருக்கு. நீ எங்க இருக்க?"

மூக்கடைத்த, பாதித் தூக்கத்துக் குரல். மடித்த துணிகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா இங்கதான் இருக்கேன் தங்கம்! நீ அங்கயே இரு. நகராத, கேட்டியா?"

"சரிம்மா. வரேன்."

இருக்கச் சொன்னால் வருகிறேன் என்கிறாளே. சொன்ன பேச்சுக்கு நேர்மாறாகச் செய்வது வாலுவுக்குப் புதிதா என்ன என்று, அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டாள்.

"கட்டிலுக்கு அடியில என்னடா ஒளிச்சு வெச்ச?"

"உன் கண்ணாடி. கண்ணாடி இல்லன்னா நீ வேலைக்குப் போகமாட்டல்ல?"

மகளேதான். சந்தேகமே இல்லை. அவள் வாய்விட்டு அழுதாள். அழுது முடிப்பதற்குள் அடுத்த பதிவு வந்தது.

"அந்தப் பச்சைக் கதவாம்மா?"

கதவைப் பற்றி அவள் பேசவே இல்லை.

சர்வர் அண்ணனை அழைத்தாள். அலுவலகத்தில் சர்வர்களைக் கவனித்துக்கொள்பவர்; மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அலுவலகம் முழுக்கச் சுற்றியவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் தேட ஆரம்பித்தார். விசைகள் தட்டும் ஓசை மட்டும் கேட்டது.

"எங்கேருந்து வருதுன்னு தெரியலம்மா. ஆனா, உன் பேர்லயும் ஒரு புதுச் சாவி அந்தப் பக்கம் போயிருக்கே. நீ மாத்தினியா?"

"இல்லையேண்ணே."

"நீ பேசுறது நடுவுலயே நின்னுடுது. அங்கேருந்து வேற ஏதோ உன் பேர்ல போய்க்கிட்டே இருக்கு."

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவளே பலகையில் வரைந்து காட்டுவாள். நடுவில் ஒருவன். இந்தப் பக்கம் தன் சாவியை மகளுடையது என்று கொடுப்பான். அந்தப் பக்கம் அம்மாவுடையது என்று கொடுப்பான். கேள்வி கேட்டுச் சோதித்தாலும் பிடிபடமாட்டான். கேள்வியை மகளிடம் கொண்டுபோய், அவள் சொல்லும் உண்மையான பதிலை வாங்கி வந்து தருவான். வேண்டிய இடத்தில் மட்டும் பேச்சை மாற்றுவான்.

மகள் பொய் இல்லை. அம்மாதான் பொய்.

"வெட்டிடட்டுமா?" என்றார் அண்ணன். "எல்லாம் நம்ம சர்வர் வழியாத்தான் போகுது. வெட்டினா உன் பேர்ல ஒண்ணும் அங்க போகாது. சொல்லும்மா."

சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் வெட்டினால் அந்தக் குரலும் போய்விடும். ஒரு தடவை போனது போதாதா?

"கொஞ்சம் பொறுங்கண்ணே. இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுக்கறேன்."

வந்தது.

"கதவு தெறந்திருக்கும்மா. உள்ள நிக்கிறது யாரு? நீயா?"

"நான் இல்லடா! உள்ள போகாத! ஓடு!"

தொண்டை கிழியக் கத்தினாள். போகவில்லை. எதுவும் போகவில்லை.

"வெட்டுங்கண்ணே! வெட்டுங்க!"

விசைகள். ஒரு மூச்சு.

"வெட்டிட்டேன்மா."

அதற்கு முன்னால் ஒரு பதிவு வந்து சேர்ந்திருந்தது. கடைசிப் பதிவு. காதில் வைத்தாள்.

சின்னக் காலடிகள். ஓடி வருகின்றன.

"அம்மா! எவ்ளோ நேரமா கூப்பிடறேன்!" அழுகையும் சிரிப்புமாக. அப்படியொரு நிம்மதி.

"வந்துட்டியா தங்கம்."

அவளுடைய சொந்தக் குரல். அவளுடைய அதே குழைவு.

"லைட்டு போடும்மா. உன் முகம் தெரியல."

"போடலாம். முதல்ல கதவைச் சாத்திட்டு வா."

கதவு சாத்துகிற சத்தம். கனமான கதவு. தாழ்ப்பாள் எட்டவில்லை போலிருக்கிறது. எக்குகிறாள். மூச்சு வாங்குகிறது. மறுபடி எக்குகிறாள். இரும்பு உரசுகிறது.

தாழ் விழுந்தது.

"போட்டுட்டேன்மா."